தீவகத்து வணிகரும் கடைமுகப்பும்

வாணிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மரக்கலங்களைப் பற்றி எழுதுவர். முதலையும் வட்டியையும் பற்றி எழுதுவர். அரசர் விதித்த சுங்கத்தைப் பற்றி எழுதுவர். பண்டம் கடைக்கு வந்து சேர்ந்தபின், வாங்குவோன் கண்ணிலே படும்படி அதனை எடுத்து வைத்த கையைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. நேயர்களே, அந்தக் கையைப் பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகின்றேன். அதிலும் சிறப்பாக, யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் கிடக்கும் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, காரைநகர் முதலிய தீவக ஊர்களிலிருந்து புறப்பட்டு, இலங்கை முழுவதிலும் கடை விரித்த மக்களின் கையைப் பற்றிப் பேசுவேன்.

மேலைநாட்டுப் பெருங்கடைகளில் இத்தொழில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துள்ளது. எந்தப் பண்டம் எந்தத் தட்டில் இருக்கவேண்டும், எந்த நிறத்துக்கு அருகே எந்த நிறம் வரவேண்டும், விளக்கு எங்கே விழவேண்டும் என்று தீர்மானிப்பவரை விசுவல் மேர்ச்சன்டைசர் என்று அழைக்கின்றனர். என்னிடம் கலைப்பிரிவிலே படித்த மாணவி ஒருத்தி கொழும்பிலுள்ள புடைவை நிலையம் ஒன்றிலே இப்பெயர் கொண்ட வேலைக்குச் சேர்ந்தாள். "அப்படியானால் என்ன வேலை, பிள்ளை?" என்று கேட்டேன். "கடையை வடிவாக அடுக்கிறது, சேர்" என்றாள். அதனிலும் நல்ல விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. அவளுடைய பாட்டனார் தென்னிலங்கையிலே இளமை முழுவதும் செய்த வேலையும் அதுவேதான். அவருக்கு அந்நாளில் அதற்கெனத் தனிப்பெயரும் இல்லை. தனிச் சம்பளமும் இல்லை.

தமிழருக்கு இக்கலை புதியதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே கோவலன் மதுரைக் கடைவீதிகளைச் சுற்றிப் பார்க்கின்றான். பொற்கடை வீதியிலே நால்வகைப் பொன்னும் இன்ன இன்ன இடத்தில் உண்டு என அறியும்படி கொடிகள் எடுக்கப்பட்டிருந்தன என்கிறார் இளங்கோவடிகள். வாங்க வந்தவன் மயங்கி நிற்றலாகாது என்பதே அக்கொடியின் நோக்கம். மதுரைக்காஞ்சியிலும் பட்டினப்பாலையிலும் இவ்வாறான கொடிகள் பேசப்படுகின்றன. ஆயினும் காவியம் காட்டுவது தலைநகரத்துப் பெருவீதியை. நாம் பார்க்கப் போவதோ, மண்வளங் குன்றிய சிறு தீவுகளிற் பிறந்தோர் அயல்மொழி பேசும் ஊர்களிலே வைத்த பத்தடி அகலக் கடைகளை.

தீவகத்தின் வாணிகம் கடலிலே தொடங்கியது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே ஒரு கல்வெட்டு உண்டு. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது, தமிழிலே பொறிக்கப்பட்டது. பரதேசிகள் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து தங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படவேண்டும் என்று அது கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு என்பது அரசன் வகுத்த விதி. சிங்கள மன்னன் ஒருவன் வணிகருக்கு அறிவிக்க விரும்பியதை வணிகருடைய மொழியிலேயே கல்லிற் பொறித்து, அவர்கள் பார்க்கும் இடத்தில் நிறுத்தினான் என்பதை இங்கே மனத்திற் கொள்க.

பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. இவற்றுள் டெல்வ்ற் என்ற ஒன்றே ஆங்கில வழக்கில் நிலைத்தது. பெயர்களைக் காட்டிலும் அதிகமாக நிலைத்தவை அவர்களும் அவர்களுக்கு முன்வந்த போர்த்துக்கீசரும் நம் கடைகளுக்குள்ளே விட்டுச் சென்ற சொற்கள். பண்டம் வைக்கும் அலுமாரி போர்த்துக்கீசச் சொல். காசு போடும் லாச்சி ஒல்லாந்தச் சொல். கடை என்ற நம் சொல்லோ சிங்களத்திற் புகுந்து 'கடே' ஆயிற்று. முதலாளி என்பது மாற்றமே இன்றி 'முதலாளி'யாகவே அங்கும் வழங்குகின்றது. பெட்டிக்கடை 'பெட்டி கடே' ஆகிவிட்டது. ஒரு நாட்டின் கடைக்குள்ளே நின்று கேட்டால் அந்நாட்டின் வரலாறு காதில் விழும் என்று நான் மாணவருக்குச் சொல்வதுண்டு.

தீவகத்து மக்கள் கடலை விட்டுக் கடைக்கு மாறியதற்குக் காரணம் வறுமையே. சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண். உவர் ஏறிய கிணறு. பனையும் மீனும் ஆட்டுப்பட்டியும் தவிர வேறு பற்றுக்கோடு அரிது. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூரிலே நல்ல சந்தை இருந்தது. அச்சந்தை தளர்ந்தபோது, புகையிலையைச் சுருட்டாக்கித் தென்னிலங்கைக்கு அனுப்பும் வழக்கம் பெருகியது. சுருட்டோடு ஆளும் போனான். சுருட்டுக்கடை சில ஆண்டுகளிற் பலசரக்குக் கடையாயிற்று. கொழும்பிலும் தெற்கே சிங்கள ஊர்களிலும் மலைநாட்டுப் பட்டினங்களிலும் தீவகத்தார் கடை வைத்தனர். சிலர் சைவச் சாப்பாட்டுக் கடையும் வைத்தனர். மனைவி மக்கள் ஊரிலே. கடைக்காரர் வருடப்பிறப்புக்கும் கோயிற் கொடியேற்றத்துக்கும் மாத்திரம் ஊருக்கு வருவர்.

இனி அக்கடையின் முகப்பைப் பார்ப்போம்.

கண்ணாடி இல்லை. முகப்பு முழுவதும் வீதியை நோக்கித் திறந்திருக்கும். இரவில் அதனை மூடுவன இலக்கமிட்ட பலகைகள். தவாளிப்பிலே ஒன்றன்பின் ஒன்றாகச் செருகப்படுவன. விடியுமுன் அப்பலகைகளைக் கழற்றுபவன் கடைச் சிறுவன். நிலத்தைக் கூட்டி, மஞ்சள் நீர் தெளித்து, சாம்பிராணி காட்டியபின் அவனுடைய அடுக்குவேலை தொடங்கும். பாரமான அரிசிச் சாக்குகள் கீழே, முன்வரிசையில். சாக்கின் வாயைத் திறந்து விட்டால் மட்டும் போதாது. விளிம்பை வெளிப்புறமாகச் சுருட்டி மடிக்கவேண்டும். அரிசி விற்று இறங்க இறங்க விளிம்பும் சுருண்டு கீழே வரும். எந்நேரம் பார்த்தாலும் சாக்கு வாய்நிறைந்து குவிந்திருக்கும். குறைந்த சாக்கு குறைந்த கடையைக் காட்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. சிவந்த மைசூர்ப் பருப்புக்கு அருகே பச்சைப் பயறு. அதற்கருகே வெண்ணிறச் சீனி. பின் கறுத்த உளுந்து. நிறத்தை நிறம் எடுத்துக் காட்டும். இதனை எந்தக் கலைக்கல்லூரியும் அவனுக்குக் கற்பிக்கவில்லை.

வளையிலிருந்து வாழைக்குலைகள் தொங்கும். மஞ்சளாகப் பழுத்த குலை வீதியில் வருவோன் கண்மட்டத்திலும், காய்க்குலை உள்ளேயும். வெற்றிலை ஈரச் சாக்கின்மீது விரிந்திருக்கும். சுருட்டுக் கட்டுகள் ஈரம் படாத இடத்தில், ஆனால் மணம் வெளிவரும் தூரத்தில். இனிப்புப் போத்தல்கள் மேசையின் முன்விளிம்பில், தாயின் கையைப் பிடித்து வரும் குழந்தையின் கண்ணுக்கு நேரே. கருவாடும் மண்ணெண்ணெயும் ஒதுக்குப்புறத்தில். தராசு மட்டும் நடுவிலே, எல்லாரும் பார்க்கத் தொங்கும். அது மறைவிலே தொங்கினால் வாடிக்கை போய்விடும்.

இவ்வளவு கவனம் எதற்காக? வாங்க வருபவன் சிங்களவன். விற்பவன் நேற்றுப் புங்குடுதீவிலிருந்து வந்த பதின்மூன்று வயதுப் பையன். இருவருக்கும் பொதுமொழி இல்லை. பண்டம் கண்ணெதிரே இருந்தால் விரலால் காட்டலாம். அளவுக்குக் கொத்தும் சுண்டும் முன்னே கிடக்கின்றன. எடைக்குத் தராசு தொங்குகின்றது. ஆறு மாதத்தில் பையனுக்குச் சிங்களம் வந்துவிடும். அதுவரை கடையே அவனுக்காகப் பேசும். நான் அறிந்தவரை தீவகக் கடையின் அமைப்பு முழுவதும் இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தது. அழகு அதனோடு கூட வந்தது.

அந்தப் பையனைப் பற்றி இன்னும் ஒரு சொல். முதலாளி பெரும்பாலும் அவனுக்கு மாமனோ, சித்தப்பாவோ, ஊரவரோ ஆவார். உணவு கடையிலே, உறக்கம் கடை மேசையின் மேலே. சம்பளம் அவன் கையில் வராது. வீட்டுக்குப் போகும், அல்லது கணக்கிலே நிற்கும். தொழில் பழகி, நாளடைவில் தனிக்கடை வைத்து முதலாளியானவர் பலர். வையாமலே முதுமையடைந்தவரும் பலர். வெற்றி பெற்றவரின் பெயரைக் கோயிற் கோபுரத்தின் உபயக் கல்லிலே காண்கின்றோம். பாடசாலை மண்டபங்களின் சுவரிலே காண்கின்றோம். மற்றவரின் பெயர் எங்கும் இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலைநேரத்துக்கும் விடுமுறைக்கும் ஒழுங்கு விதித்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. நல்ல சட்டமே. அதிகாரி வரும் நாளில் பையனுக்கு வயது கூடிவிடும் என்று பழைய கடைக்காரர் சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடசாலை இடாப்பிலே பெயர் வெட்டப்பட்ட பிள்ளைகளின் நினைவே வந்தது.

இதே காலத்தில் உலகின் மறுபுறத்தே கடைமுகப்பு வேறொரு வழியிற் சென்றது. பெருங்கண்ணாடித் தகடுகள் மலிவடைந்ததும் வணிகர் பண்டத்தைக் கண்ணாடிக்குப் பின்னே வைத்து நாடகம்போற் காட்டத் தொடங்கினர். அமெரிக்காவிலே சிறுவர் கதையாசிரியராகப் பின்னர் புகழ்பெற்ற எல். பிராங்க் போம் என்பவர், கடைக் கண்ணாடிகளை அலங்கரிக்கும் முறையைக் கற்பிப்பதற்கென்றே 1897இல் ஒரு சஞ்சிகை தொடங்கினார். இலண்டனிலே செல்பிரிட்ஜ் என்பவர் 1909இல் திறந்த பெருங்கடை தன் கண்ணாடி முகப்புக்காகவே பேசப்பட்டது. இவர்களுக்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்லலாம். அவர் நமக்கும் அயலாரல்லர். தோமஸ் லிப்டன் 1871இல் கிளாஸ்கோ நகரிலே பலசரக்குக் கடை வைத்தவர். 1881ஆம் ஆண்டு நத்தாருக்கு அமெரிக்காவிலிருந்து மாபெரும் பாற்கட்டி ஒன்றை வரவழைத்து, அதனுள்ளே பொற்காசுகளைப் புதைத்து விற்றார். கூட்டத்தை அடக்கக் காவலர் வரவேண்டியிருந்தது. அவரே 1890இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களை வாங்கினார்.

கொழும்பிலே கண்ணாடி முகப்பின் பெருமையைக் காட்டியது கோட்டை யோர்க் வீதியிலே 1906இல் எழுந்த கார்கில்ஸ் கம்பனியின் செந்நிறக் கட்டடம். அங்கிருந்து நடக்கும் தூரத்திலேயே புறக்கோட்டை. அங்கே திறந்த முகப்புக் கடைகள். சாக்கும் பெட்டியும் வீதிவரை வழியும். இரண்டையும் நாகரிகம், அநாகரிகம் என்று பிரிப்போர் உளர். நான் அவ்வாறு பிரிக்கமாட்டேன். கண்ணாடிக்குப் பின்னுள்ள பண்டம் பார்ப்போனை ஏங்கச் செய்கின்றது; திறந்த சாக்கிலுள்ள பண்டம் அவனைக் கையிலெடுத்து முகர்ந்து பார்க்க விடுகின்றது. முன்னையது ஆசையை வளர்க்கும்; பின்னையது நம்பிக்கையை வளர்க்கும். கூலிக்காரனுக்குக் கடன் கொப்பியிற் பொருள் கொடுக்கவேண்டிய கடைக்கு நம்பிக்கையே முதல்.

ஆயினும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நிற்பதிலே ஓர் ஆபத்தும் உண்டு. கடையின் பெயர்ப்பலகை அழைப்பதற்காக எழுதப்படுவது. அடையாளங் காட்டிக் கொடுக்கவும் அது போதும். 1956இல் சிங்களம் மாத்திரம் அரச கரும மொழியாயிற்று. 1958இல் வடக்கிலே வாகன இலக்கத் தகட்டின் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தின் மீது தார் பூசப்பட்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மீது தார் பூசப்பட்டது. சிறிது நாளில் கலவரம் மூண்டது. 1977 ஆகஸ்டில் மீண்டும் மூண்டது. 1983 ஜூலை இறுதியிலே கொழும்பிலும் பிற நகரங்களிலும் தமிழர் கடைகள் வரிசை வரிசையாக எரிக்கப்பட்டன, மக்கள் கொல்லப்பட்டனர். பொதுமொழி இல்லாத இடத்திலே கடையை மொழியாக்கி வாழ்ந்தவர்கள், மொழியின் பெயராலேயே கடையை இழந்தனர். அக்கடைகளிற் கடன் கொப்பியும் எரிந்தது என்பதைப் பலர் நினைப்பதில்லை. யார் யாருக்கு எவ்வளவு நம்பிக்கை வைத்தார் என்ற எழுத்துச் சான்று அது. நாற்பது ஐம்பது ஆண்டுகளின் அயலுறவு அதிலே இருந்தது. எரிந்த கடையின் முதலாளிகளைத் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காத்த சிங்கள அயலவரும் உண்டு. அவர்களுட் பலரின் பெயர் அக்கொப்பிகளிலே இருந்திருக்கும்.

அதே 1983இல்தான் கார்கில்ஸ் நிறுவனம் கொழும்பிலே தன் முதலாவது சுப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. இரண்டுக்கும் காரணத் தொடர்பு இல்லை. ஆயினும் கடையின் வரலாற்றை எழுதுவோன் இவ்விரு செய்திகளையும் ஒரே பக்கத்தில் எழுதவேண்டியவனாகின்றான். வாங்குவோன் தானே எடுத்துக்கொள்ளும் முறை அமெரிக்காவிலே மெம்பிஸ் நகரில் 1916இல் தொடங்கியது. அதிலே விற்பவன் வாய் திறக்கவேண்டியதில்லை, அடுக்கே பேசும். ஒருவகையில் இது நம் பழைய கடைச் சிறுவனின் முறைதான்.

1990இல் போர் தீவகத்தைச் சூழ்ந்தது. ஊர்கள் வெறுமையாயின. மக்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் தமிழ்நாட்டுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சிதறினர். புங்குடுதீவிலே கூரையிழந்த கல்வீடுகளிடையே ஆலும் அரசும் முளைத்தன. அவ்வீடுகளைக் கட்டியது தெற்குக் கடைகளின் காசு.

கடையடுக்கும் கை ஓயவில்லை. பாரிஸ் மாநகரிலே வடக்குப் புகையிரத நிலையத்துக்கும் லா ஷப்பல் சந்திக்கும் இடையே ஒரு வீதிப்பகுதி உண்டு. எண்பதுகளிலிருந்து அங்கே தமிழர் கடை வைத்தனர். அவர்களிலே தீவகத்தார் தொகை குறைந்ததன்று. பெருங்கடை என்ற கருத்துக்கே தாயகம் அந்நகர். 1852இல் பூசிக்கோ என்பவர் பொறுப்பேற்ற போன் மார்ஷே என்னும் கடை, குறித்த விலையையும் பகட்டான பண்டக்காட்சியையும் உலகுக்குப் பழக்கியது. அந்த நகரிலே நம்மவர் செய்தது என்ன? கண்ணாடியையும் ஏற்றனர், திறந்த முகப்பையும் விடவில்லை. புடைவைக் கடையின் கண்ணாடிக்குள்ளே பொம்மைகள் பட்டுடுத்து நிற்கின்றன. அடுத்த கடையின் வாசலிலே முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கறிவேப்பிலையும் பெட்டி பெட்டியாக நடைபாதையை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. சட்டம் கேட்கிறபடி விலைத்துண்டு குத்தப்பட்டிருக்கின்றது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் முடிவில் மாணிக்க விநாயகர் தேர் அவ்வீதி வழியே வரும்போது, கடைவாசல்களிலே தேங்காய்கள் குவித்து அடிக்கப்படுகின்றன. அன்றைக்குக் கடைமுகப்பு விற்பதற்காக அன்று. வணங்குவதற்காக ஒப்பனை செய்யப்படுகின்றது. பிரெஞ்சுக்காரர் நின்று பார்க்கின்றனர்.

ஊரிலே நிலைமை மெல்ல மாறிற்று. 2009இல் போர் முடிந்தபின் தென்னிலங்கை மக்கள் நயினாதீவிலுள்ள நாகதீப விகாரையை வழிபடப் பெருந்தொகையாக வரத் தொடங்கினர். 2013இல் யாழ்ப்பாண நகரிலே கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்டது. குளிரூட்டிய அக்கட்டடத்தினுள்ளே அடுக்குவோருக்குப் படம் வரைந்து கொடுக்கப்படுகின்றது. எந்தப் பெட்டி எந்தத் தட்டில் என்பது அதிலே குறித்திருக்கும். தீவகப் பிள்ளைகள் சிலர் அங்கே சீருடை அணிந்து வேலை செய்கின்றனர். சம்பளம் அவர்கள் கைக்கே வருகின்றது. அந்த ஒரு மாற்றத்துக்காகவே நான் அப்பெட்டிக் கட்டடத்தை மன்னிப்பேன்.

ஆனால் பழைய கையைப் பார்க்க விரும்புவோர் குறிகாட்டுவான் இறங்குதுறையைக் கடந்து நயினாதீவுக்குப் போகவேண்டும். ஆனி மாத அம்மன் திருவிழாக் காலமானால் இன்னும் நன்று. வீதியோரத்தே தகரக் கொட்டில்கள். காப்புகள் நிறவரிசையிலே கோலிற் கோத்துத் தொங்குகின்றன. பனையோலைப் பெட்டிகள் பெரியது கீழே, சிறியது மேலே என்று கோபுரம்போல எழுகின்றன. ஒடியலும் புழுக்கொடியலும் வேறுவேறு சுளகிலே. பெயர் தெரியாதவர் பார்த்தறியட்டும் என்று சுளகின் விளிம்பிலே சிங்களத்தில் எழுதிய கடதாசித் துண்டு. எழுத்துப் பிழை இருக்கலாம், பொருள் விளங்குகின்றது. சென்ற ஆண்டு ஒரு கொட்டிலிலே முதியவள் ஒருத்தி பனங்கட்டிக் குட்டான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு குட்டானைப் பிரித்து, கட்டியை உடைத்து, துண்டுகளை ஒரு தட்டிலே பரப்பினாள். மாத்தறையிலிருந்து வந்த பஸ் வண்டியின் கூட்டம் படகிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சிங்களம் தெரியுமா என்று கேட்டேன். "சொட்டுத்தான் தெரியும், ஐயா" என்று சொல்லித் தட்டை இன்னும் சிறிது முன்னே தள்ளி வைத்தாள்.